கரடியின் வீட்டில் மூன்று இரவுகள்

வீட்டை விட்டுப் புறப்படுவதுதான் யாத்திரை என்று நம் பெரியோர்கள் எண்ணியிருந்தார்கள். அமெரிக்க தேசத்து ஜனங்களோ வீட்டையும் கூடவே அழைத்துக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள்! ஆர்.வி. என்பது அந்த வீட்டு வண்டியின் பெயர். வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர்ப் பஸ்ஸுக்குத் தமையன் மாதிரி இருக்கிறது. உள்ளே ஏறினாலோ சமையலறை, கட்டில்கள், சாப்பாட்டு மேஜை, குளிர்ப்பெட்டி, ஸ்நான அறை எல்லாம் அடக்கமாக அமைந்திருக்கின்றன. ஒரே ஒரு சங்கடம்: இரண்டு பேர் எதிரெதிரே நடந்து வந்தால் ஒருவர் கட்டிலின் மேல் ஏறி வழி விடவேண்டும்.

2023-ம் வருஷம் ஜூலை மாதம், டென்வர் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மகன் இப்படிப்பட்ட வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தினான். அவனும் நானும் என் மனைவியும், எழுபத்தொன்பது வயது நிரம்பிய என் தாயாரும் அதில் ஏறி யெல்லோஸ்டோனை நோக்கிப் புறப்பட்டோம். 1872-ம் வருஷம் சட்டத்தின் மூலம் ஒதுக்கப்பட்ட யெல்லோஸ்டோன்தான் உலகத்தின் முதல் தேசீய வனம் என்று புகழப்படுவது. அதன் விஸ்தீரணம் 3,472 சதுர மைல். பழைய தஞ்சை ஜில்லா முழுவதையும் ஏறக்குறைய அதற்குள் வைத்துவிடலாம்.

நாங்கள் தங்கிய இடத்துக்கு ஃபிஷிங் பிரிட்ஜ், அதாவது மீன்பிடிப் பாலம் என்று பெயர். அவ்வளவு பெரிய வனத்தில் வீட்டு வண்டிக்குத் தண்ணீர், மின்சாரம், சாக்கடை மூன்றையும் இணைத்துக் கொடுக்கும் இடம் இது ஒன்றுதான். ஆகையால் பல மாதங்களுக்கு முன்பே இடத்தைப் பதிவு செய்தாக வேண்டும். இங்கே இன்னொரு விசேஷ விதியும் உண்டு. கெட்டியான சுவருள்ள வண்டிகளுக்குத்தான் அநுமதி. துணிக் கூடாரமோ, துணியால் பக்கங்கள் அமைந்த வண்டியோ வரக்கூடாது. ஒரு காலத்தில் பக்கத்திலேயே கூடாரமடிக்கும் மைதானமும் இருந்ததாம். அதை எடுத்து விட்டார்கள். காரணம், கிரிஸ்லி என்னும் பெருங்கரடி நடமாடும் பிரதேசம் இது.

"அப்படியானால் நம்மைக் கூண்டில் அடைத்துவிட்டுக் கரடியை வெளியே உலாவ விட்டிருக்கிறார்கள் என்று சொல்லு" என்றாள் அம்மா. மிருகக் காட்சிச் சாலையைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரிதான் இருந்தது.

போய்ச் சேர்ந்த அன்று மாலை, என் மகன் கையுறைகளை மாட்டிக்கொண்டு வண்டியின் வயிற்றிலிருந்து ஒரு குழாயை இழுத்துச் சாக்கடை வாயில் பொருத்தப் போராடினான். பெரிய படிப்புப் படித்த பிள்ளை முழங்காலிட்டுச் செய்த அந்தக் கைங்கரியத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் இருவர் ஓடி வந்து உதவினார்கள். வண்டிகள் ரயில்வே யார்டில் நிறுத்திய பெட்டிகளைப் போல் நெருக்கமாக நின்றன. ஒருவர் சமையலறையில் காப்பி கொதித்தால் மற்றவர் மூக்குக்குத் தெரியும். சுற்றிலும் மெலிந்து உயர்ந்த பைன் மரங்கள். சமுத்திர மட்டத்துக்குமேல் சுமார் 7,700 அடி, அதாவது உதகமண்டலத்தைவிடச் சற்று உயரம். தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்து விடுவதால் வெறும் பாத்திரத்தில் அரிசி சரியாக வேகாது. பிரஷர் குக்கரை ஊரிலிருந்து சுமந்து வந்த என் மனைவியை, விமான நிலையத்தில் பரிகாசம் செய்த நானே அன்றிரவு மனமாரப் புகழ்ந்தேன்.

மறுநாள் காலை பாலத்தைப் பார்க்கப் போனோம். சுமார் 130 சதுர மைல் பரப்புள்ள யெல்லோஸ்டோன் ஏரியிலிருந்து ஆறு வெளிப்பட்டு வடக்கு நோக்கிப் புறப்படும் இடம் அது. அந்தத் தண்ணீர் மிஸ்ஸௌரியில் கலந்து, மிஸ்ஸிஸிப்பியாகி, மெக்ஸிகோ வளைகுடா வரை போகிறது. இப்போதுள்ள மரப்பாலம் 1937-ம் வருஷத்தில் கட்டியது. முன்பெல்லாம் இதன்மேல் ஜனங்கள் தோளோடு தோள் இடிக்க நின்று தூண்டில் போடுவார்களாம். ட்ரௌட் மீன்கள் முட்டையிடும் இடம் என்பதால் 1973 முதல் பாலத்தின்மேல் தூண்டில் போடுவதைத் தடுத்து விட்டார்கள். மீன்பிடிப் பாலத்தில் மீன் பிடிக்கக் கூடாது! வெள்ளைக் கூழைக்கடாக்களுக்கு மட்டும் இந்த விதி தெரியவில்லை.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

என் தாயார் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் சாப்பிட்டதே இல்லை. என் தகப்பனார் காலமான பிறகு அந்த ஒரு பிடியில் அவருக்கும் பங்கு உண்டு என்பது அவளுடைய நம்பிக்கை. பாலத்திலிருந்து நாங்கள் திரும்பியதும் சோறு வடித்து, பருப்பும் நெய்யும் கலந்து, வண்டியின் படிக்கட்டில் ஒரு சிறு உருண்டையை வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டாள். என்ன ஆச்சரியம்! அடுத்த வண்டியின் ஏணியில் கன்னங்கரேலென்று ஓர் அண்டங்காக்கை வந்து உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. "இத்தனை தூரம் தேடி வந்து விட்டாரே!" என்று அம்மாவின் கண்களில் நீர் துளிர்த்து விட்டது.

காக்கைக்கு முன்னால் வனக்காவல் உத்தியோகஸ்தர் வந்து சேர்ந்தார். சாம்பல் நிறச் சட்டையும் பச்சைக் கால்சட்டையும் அகன்ற தொப்பியும் அணிந்த இளம் பெண். படிக்கட்டைப் பார்த்தார், காக்கையைப் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என் மகனிடம் பொறுமையாகப் பேச ஆரம்பித்தார். அவன் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா கேட்டுக் கொண்டிருந்தாள்.

எந்தப் பிராணிக்கும், பறவைக்கும்கூட, இங்கே உணவு போடுவது குற்றம். அண்டங்காக்கைகள் பையின் ஜிப்பை இழுத்துத் திறக்கவும் கற்றுக்கொண்டு விட்டன. அதுகூடப் பெரிதல்ல; நெய்யின் வாசனை கரடிக்கு வெகு தூரத்திலேயே தெரியும்.

முன் காலத்தில் இந்த வனத்திலேயே ஹோட்டல் எச்சிலைக் குவித்துக் கரடிகளை வரவழைத்தார்களாம். ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆசனங்களும் போட்டிருந்தார்களாம். சாலையில் மோட்டார் ஜன்னல் வழியாக ரொட்டி நீட்டினார்கள். விளைவு என்ன? 1931 முதல் 1969 வரை வருஷத்துக்குச் சராசரி 48 பேர் கரடிகளால் காயமடைந்தார்கள். காயப்படுத்திய கரடிகள் கொல்லப்பட்டன. 1970-ம் வருஷத்தோடு குப்பை மேடுகள் மூடப்பட்டன. பழகிய உணவு போய்விடவே கரடிகள் மனிதர் தங்கும் இடங்களைத் தேடி வந்தன. அந்தச் சில வருஷங்களில் மேலும் பல மாண்டன. 1975-ல், யெல்லோஸ்டோனிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் எஞ்சியிருந்த கிரிஸ்லிகள் சுமார் 136 என்று கணக்கிட்டார்கள். சட்டத்தின் பாதுகாப்பினால் இன்று ஆயிரம் அளவுக்குப் பெருகியிருக்கின்றன.

"ஒரு பிடி சோற்றுக்காகவா ஒரு ஜீவனைக் கொல்வார்கள்?" என்று கேட்டாள் அம்மா.

"சோற்றுக்காக அல்ல; அது மறக்காது என்பதற்காக" என்றார் அந்தப் பெண். "இன்று இந்தப் படியில் தின்னும். நாளை அந்தக் குழந்தைகள் இருக்கும் வண்டியின் கதவைத் தட்டும். பிறகு எங்களுக்கு வேறு வழி இராது." மனிதன் கையால் உண்ட கரடி செத்த கரடி என்று இந்தக் காடுகளில் ஒரு பழமொழியே வழங்குகிறதாம்.

அபராதம் விதிக்காமல் அவர் போய்விட்டார். அம்மா அந்த உருண்டையை எடுத்து உள்ளே கொண்டுவந்து மூடி வைத்தாள். அன்று பகல் அவள் சாப்பிடவில்லை. "நீங்கள் சாப்பிடுங்கள், எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து விட்டாள். கொடுப்பதுதான் தர்மம் என்று ஆயுள் முழுவதும் நடந்தவளிடம், கொடுப்பதே கொலை என்று ஒரு பெண் வந்து சொல்லிவிட்டுப் போனால், அதை ஒரு வேளைப் பொழுதில் ஜீரணிக்க முடியுமா?

அன்றிரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. வேறொரு நினைவு வந்தது. ஜனங்களின் நன்மைக்காகவும் சந்தோஷத்துக்காகவும் என்று இந்த வனத்தின் வடக்கு வாசல் வளைவில் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். எந்த ஜனங்கள்? ஆயிரக்கணக்கான வருஷங்களாக இங்கே வேட்டையாடி, எரிமலைக் கண்ணாடிக் கல்லில் அம்பு முனை செய்து வாழ்ந்த பழங்குடிகளை வெளியேற்றி விட்டுத்தான் இதை மனிதர் அறியாத காடு என்று உலகுக்குக் காட்டினார்கள். 1877-ல் நெஸ் பெர்ஸ் குடியினர் பெண்டு பிள்ளைகளுடன், பட்டாளம் துரத்த, இந்த வனத்தின் ஊடேதான் ஓடினார்கள். பழங்குடிகளைக் கொன்று குவித்த தாக்குதல் ஒன்றை நடத்திய ராணுவ அதிகாரியின் பெயரை, ஏரிக்குக் கிழக்கே உள்ள ஒரு சிகரம் வெகு காலம் தாங்கி நின்றது. 2022-ல்தான் அதை ஆதிக்குடிகளின் மலை என்று மாற்றினார்கள். கரடிக்குத் திரும்பிக் கிடைத்த வீடு அந்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. கெட்டிச் சுவருக்குள் சுகமாகப் படுத்திருக்கும் விருந்தாளி, வீட்டுக்காரன் யார் என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

அடுத்த நாள் மாலை, வடக்கே உள்ள ஹேடன் பள்ளத்தாக்குக்குப் போனோம். நம் எருமைக்கு அண்ணன் போன்ற பைஸன் கூட்டம் ஒன்று சாலையை அடைத்து நின்று அரைமணி நேரம் எங்களைக் காக்க வைத்தது. பிறகு ஒரு மேட்டில் நாலைந்து பேர் தூரதிருஷ்டிக் கண்ணாடிகளை முக்காலியில் நிறுத்திப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். கரடியிடமிருந்து நூறு கஜமாவது விலகி நிற்கவேண்டும் என்பது சட்டம். இவர்கள் அரை மைலுக்கு மேலேயே இருந்தார்கள். ஒரு கிழவர் அம்மாவை அழைத்துத் தம் கண்ணாடியைத் தாழ்த்திக் கொடுத்தார்.

அம்மா வெகு நேரம் பார்த்தாள். புல்வெளியில் ஒரு தாய்க் கரடி நகத்தால் மண்ணைக் கிளறி எதையோ எடுத்துத் தின்று கொண்டிருந்தது. பின்னால் இரண்டு குட்டிகள் உருண்டு புரண்டன.

"தானே தேடிச் சாப்பிடுகிறதடா" என்றாள். சிறிது நேரம் கழித்து, "இரண்டு குழந்தைகள்" என்றாள்.

அன்றிரவு படுப்பதற்கு முன் ஒரு சிறு விளக்கின் ஒளி அசைவதைக் கண்டேன். அம்மா கதவைத் திறந்து, படிக்கட்டில் ஒரு பருக்கையாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து துடைத்துக் கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, புறப்படுவதற்கு முன் சாப்பாடு. அதே அண்டங்காக்கை அதே ஏணியில் வந்து உட்கார்ந்தது. அம்மா ஜன்னலண்டை போய் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "இங்கே ஒன்றும் இல்லையப்பா. ஊருக்கு வா, வைக்கிறேன்" என்றாள். அது சற்று யோசித்துவிட்டுப் பறந்து போயிற்று.

அம்மா இலைத்தட்டின் முன் வந்து உட்கார்ந்தாள். முதல் கவளத்தை எடுத்து வாயில் வைக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. நாங்கள் யாரும் பேசவில்லை.