எதிரொலியின் அளவு

லிங்கநகரில் எமது இல்லத்தில் ஞாயிறு மாலைகளில் இசை ஒலிப்பது வழக்கம். அண்ணன் மகன் மின்கிற்றார் மீட்ட, எண்பதைக் கடந்த எம் தந்தையார் பாடுவார். சென்ற மாதம் அவன் ‘டிலே பெடல்’ ஒன்றை வாங்கி வந்தான். அன்று தந்தையார் மும்முறை தாளம் தவறினார். “எனக்கு வயது போய்விட்டது. இனி நீ தனிய வாசி, அப்பன்” என்று எழுந்துவிட்டார்.

அவர் இல்லாத கூடம் எம் மனத்தை வருத்தியது. அன்றிரவு அப்பெட்டியை ஆராய்ந்தோம். அதில் மூன்று குமிழ்கள்: எதிரொலி எவ்வளவு தாமதித்து வரும், எத்தனை முறை வரும், எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பன. தாமதம் 430 மில்லிசெக்கனில் நின்றது. தந்தையாரின் பாட்டோ நிமிடத்துக்கு 100 அடி. 60,000ஐ 100ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு 600. ஆகவே எதிரொலி யாவும் அடிகளுக்கு இடையே விழுந்து அவரை வழி தவறச் செய்திருக்கின்றன!

ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். நூறு மீற்றர் தொலைவிலுள்ள பாறையில் மோதித் திரும்ப ஏறக்குறைய இதே 600 மில்லிசெக்கன் ஆகும். பாறையை நகர்த்த இயலாது; குமிழைத் திருப்பலாம் அன்றோ?

மறு ஞாயிறு தாமதத்தை 600இல் வைத்தோம். எதிரொலியை இரண்டாகக் குறைத்து, மெல்ல ஒலிக்கச் செய்தோம்.

“அப்பப்பா, ஒரே ஒரு பாட்டு!”

பாடினார், தாளம் பிசகவில்லை. முடிவில், “இன்று அந்தப் பெட்டி இல்லையோ?” என்றார்.

முதியோர் தளர்ந்தனர் எனத் தீர்ப்புக் கூறுமுன், எம் கருவிகளின் அளவைச் சரிபார்ப்பது நன்று.