தம்பிக்கு, ஒரு சின்ன காரைப் பற்றி

லெமிங்டன் ஸ்பா,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள தம்பி முருகேசுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? போன தடவை கொடுத்துவிட்ட தைலம் தீர்ந்திருந்தால் சொல், ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ புதன்கிழமை அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ "சரிக்கா, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஹோட்டல்காரர்களுக்குப் பெரிய டில்டிங் கிரைண்டர் மட்டுமே செய்துவந்த அப்பாவின் பட்டறையிலிருந்து, வீட்டுக்கு ஒரு சின்ன டேபிள் டாப் கிரைண்டர் கொண்டுவர வேண்டும் என்கிறாய். அது நல்ல யோசனை, எனக்கும் ஆசைதான். ஆனால் நாம் செய்யப்போவதில்லை, இன்னொரு பட்டறையில் செய்ததை வாங்கி, மேல்மூடியையும் கலரையும் மாற்றி, அப்பாவின் பெயர்த்தகட்டை ஒட்டி, விலையை ஏற்றி விற்கலாம் என்றாயே, அங்கேதான் என் மனசு நின்றுவிட்டது.

கேட்டதும் ஞாபகம் வந்தது ஒரு கார். ஆஸ்டன் மார்ட்டின் உனக்குத் தெரியும், ஜேம்ஸ் பாண்ட் ஓட்டுகிற வண்டி. 1913-இல் லண்டனில் தொடங்கிய கம்பெனி. அந்தக் கம்பெனி 2011-இல் ஒரு குட்டி காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் சிக்னெட். அன்னக்குஞ்சு என்று அர்த்தம். அவர்கள் சின்னமே விரித்த இறக்கைதான், அதனால் பெயர் பொருத்தம். அவர்களுடைய தலைமையகமும் தொழிற்சாலையும் கேடன் என்ற ஊரில் இருக்கின்றன, எங்கள் வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரம்கூட ஆகாது. இருந்தும் இத்தனை வருஷத்தில் தெருவில் நான் பார்த்தது ஒரே ஒரு சிக்னெட்தான்.

அது எங்கள் மருந்துக்கடைக்கு வரும் ஒரு பாட்டியம்மாவுடையது. போன மார்கழியில் ஒருநாள் பனி கொட்டியது. அவருக்கு மருந்துப் பையைத் தூக்க முடியவில்லை. நான் எடுத்துக்கொண்டு கூடவே போனேன், "ஏறு, உன்னை வீட்டில் விட்டுவிடுகிறேன்" என்றார். கடை வாசலில் நின்றது அந்த வண்டி. நம் பழைய மாருதி 800-ஐவிட ஒரு சாண் நீளம் குறைவு. ஆனால் முகத்தில் அந்தப் பெரிய வெள்ளி கிரில், மேலே இறக்கைச் சின்னம், பானெட்டில் காற்று போகிற கீற்றுகள். இரண்டு கோடிக்கு விற்கிற காரின் முகத்தை ஒரு குழந்தைக்கு வைத்தமாதிரி இருந்தது.

உள்ளே உட்கார்ந்ததும் தோல் வாசனை. சீட், கதவு, டாஷ்போர்டு, எங்கே கை வைத்தாலும் தோல். கதவின் உள்பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு இழையும் ஒரே இடைவெளியில், ஒரே இறுக்கத்தில். பெரியம்மா பட்டுப்புடவைக்கு முந்தி முடிச்சு போடுவார்களே, அந்தக் கை. அப்புறம் ஜன்னலை இறக்கலாம் என்று பட்டனைத் தொட்டேன். சட்டென்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. என் யாரிஸில் தினமும் தொடுகிற டொயோட்டா பிளாஸ்டிக். அவ்வளவு அழகான தோலுக்கு நடுவில் அது தனியாகத் தெரிந்தது, முருகேசு. அந்த ஒரு நொடியை என்னால் மறக்க முடியவில்லை.

ஏனென்றால் சிக்னெட் என்பது டொயோட்டா ஐக்யூ என்ற கார்தான். ஜப்பானில் தகாவோகா தொழிற்சாலையில் செய்த வண்டி கேடனுக்கு வரும். அதைப் பிரித்து, முன்முகத்தையும் பின்விளக்கையும் மாற்றி, தங்கள் விலை உயர்ந்த கார்களுக்கு அடிக்கும் அதே பெயின்டை அடித்து, உள்ளே கையால் தோல் போர்த்துவார்கள். எஞ்சின் அதே 1.3 லிட்டர், 97 குதிரைசக்தி. விலை இங்கிலாந்தில் 30,000 பவுண்டுக்கு மேல், ஐக்யூவின் விலையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆண்டுக்கு 4,000 வண்டி விற்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 2013-இல் நிறுத்தினார்கள். அதுவரை இங்கிலாந்தில் விற்றது 150 பக்கம்.

இதைக் கேட்டு, சின்ன வண்டி என்பதால்தான் பெரிய இடத்தில் எடுபடவில்லை என்று நினைத்துவிடாதே. எனக்கு வருத்தமே அந்த ஐக்யூவை நினைத்துத்தான். அது எப்பேர்ப்பட்ட வேலை தெரியுமா? 3 மீட்டருக்குள், சரியாகச் சொன்னால் 2,985 மில்லிமீட்டருக்குள், நாலு பேர் உட்கார இடம் கண்டுபிடித்தார்கள். மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை. ஹிரோகி நகாஜிமா என்பவர்தான் தலைமை எஞ்சினியர். அவருடைய ஆட்கள் வண்டியின் ஒவ்வொரு உறுப்பையும் எடுத்து, இது ஏன் இங்கே இருக்கிறது, இவ்வளவு பெரிதாக ஏன் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். முன்சக்கரம் இழுக்கிற வண்டிகளில் டிஃபரன்ஷியல் பொதுவாக எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும். அதை முன்னால் கொண்டுபோனார்கள், சக்கரம் முன்மூலைக்குப் போய்விட்டது, மூக்கு குட்டையாயிற்று. ஸ்டீயரிங் கியரை மேலே தூக்கினார்கள். பெட்ரோல் டாங்க்கை 12 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, தரைக்கு அடியில் படுக்கவைத்தார்கள். ஏசி பெட்டியைச் சுருக்கினார்கள். அதனால் டிரைவருக்குப் பக்கத்து டாஷ்போர்டு உள்வாங்கிப்போய், பக்கத்து சீட்டை டிரைவர் சீட்டைவிட முன்னால் தள்ளிப்போட முடிந்தது. அந்த சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரியவருக்கு முட்டி வைக்க இடம் கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் செய்தார்கள். அவ்வளவு குட்டை வண்டியில் பின்சீட்டில் இருப்பவரின் தலை பின்கண்ணாடியை ஒட்டியே இருக்கும். பின்னாலிருந்து எவனாவது வந்து இடித்தால்? அதற்காகப் பின்கண்ணாடிக்கென்றே ஒரு ஏர்பேக் வைத்தார்கள், உலகத்திலேயே முதல் தடவை. மொத்தம் 9 ஏர்பேக். பின்சீட்டில் எப்போதாவது உட்காரப்போகிற, யாரென்றே தெரியாத ஒருவரின் பிடரியை நினைத்துச் செய்த வேலை அது. இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம். கிரைண்டரைச் சாய்க்கிற கைப்பிடியின் ஓரத்தை அரம் போட்டு மழுக்கிக்கொண்டே இருப்பாரே, மாவு அள்ளுகிற பொம்பளைகள் கையைக் கீறிவிடும் என்று. பில்லில் அதற்கு ஒரு பைசா போட்டதில்லை.

பாட்டியம்மாவின் வண்டியிலும் அந்த வேலை தெரிந்தது. எங்கள் தெரு முட்டுச்சந்து. என் காரை நான் முன்னே பின்னே இரண்டு தடவை எடுத்தால்தான் திருப்ப முடியும். அந்த அம்மாள் ஒரே வளைப்பில் திருப்பிவிட்டார். ஏறத்தாழ 4 மீட்டர் ஆரம் போதும் அந்த வண்டிக்கு. எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது. ஆனால் அந்த வளைப்பு டொயோட்டாவுடையது. வெளியே இருக்கிற பெயர் இன்னொருவருடையது. பின்கண்ணாடி ஏர்பேக் செய்தவனின் பெயரும் அந்த வண்டியில் இல்லை, ஆஸ்டன் மார்ட்டினுக்கென்று ஒரு கை உண்டே, அந்த எஞ்சின் வேலையும் அதில் இல்லை. தையல் மட்டும் அவர்களுடையது.

ஏன் செய்தார்கள் என்று கேட்பாய். ஐரோப்பாவில் 2009-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் எல்லாம் சேர்த்து, சராசரியாகக் கிலோமீட்டருக்குச் சுமார் 130 கிராம் கரியமில வாயுவுக்கு மேல் விடக்கூடாது என்ற இலக்கு. ஆஸ்டன் மார்ட்டின் வண்டிகள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் விடுபவை. சராசரியைக் குறைக்கத்தான் இந்தக் குட்டி வண்டி என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. ஆண்டுக்கு 10,000 வண்டிக்குக் குறைவாக விற்கிறவர்கள் தனி இலக்கு கேட்டு வாங்கிக்கொள்ள அதே சட்டத்தில் வழி இருந்தது. பெரிய காரை வீட்டில் விட்டுவிட்டு நகருக்குள் போய்வர ஒரு கௌரவமான சின்ன கார் என்று கம்பெனி சொன்னதை நான் நம்புகிறேன். பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸ் தன் மனைவிக்கு அப்படித்தான் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

அப்போது தலைவராக இருந்தவர் உல்ரிச் பெஸ். அவரைப் பற்றிப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நம் தெருவில் பேங்க் மேனேஜர் வீட்டு வாசலில் ஒரு மேட்டிஸ் நிற்குமே, தவளைக் கண் மாதிரி விளக்கு வைத்து, நீ "குட்டி கார் வருது" என்று கேட்டைப் பிடித்துத் தொங்குவாயே, அந்த மேட்டிஸ் டேவூவில் உருவானபோது அங்கே எஞ்சினியர்களுக்குத் தலைமையாக இருந்தவர் இதே மனிதர். ஆக, சின்ன கார் தெரியாதவர் அல்ல. நல்ல சின்ன கார் ஒன்றைப் பிறக்கவைத்தவர். மேட்டிஸை டேவூ தானே வளர்த்துத் தன் பெயரில் விற்றது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்போம், ஆனால் அது தன் குஞ்சாக இருக்க வேண்டும் இல்லையா?

அடுத்தவனிடம் வாங்குவதே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பிஎம்டபிள்யூ கதையையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, பணக்காரர்களுக்கான பெரிய கார்களைச் செய்து நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த கம்பெனி அது. இத்தாலியில் ஐசோ என்ற கம்பெனி செய்த முட்டை வடிவக் குட்டி காரின் உரிமையை வாங்கி, 1955-இல் அதைச் செய்யத் தொடங்கியது. இசெட்டா. முன்பக்கம் முழுவதுமே கதவு, பிரிட்ஜைத் திறப்பதுபோலத் திறந்து ஏற வேண்டும். வடிவம் கடன்தான். ஆனால் அவர்கள் அதற்குள் தங்கள் மோட்டார்சைக்கிள் எஞ்சினை வைத்தார்கள், வண்டியை நிறைய மாற்றினார்கள், அன்றைக்கு ஜெர்மனியில் சாதாரண ஜனங்கள் கொடுக்கக்கூடிய விலையில் விற்றார்கள். 1,60,000-க்கு மேல் போயிற்று. கம்பெனி மூச்சு விட்டது. அந்த 250 சிசி எஞ்சின் அவர்கள் சொந்தக் கை.

சிக்னெட்டுக்குப் பின்னால் நடந்ததையும் கேள். 2018-இல் ஒரு வாடிக்கையாளர் ஆசைப்பட்டார் என்று கேடனிலேயே ஒரே ஒரு சிக்னெட்டுக்குத் தங்களுடைய 4.7 லிட்டர் வி8 எஞ்சினை வைத்துக் கொடுத்தார்கள். 430 குதிரைசக்தி. சக்கரத்துக்கு இடம் போதாமல் மட்கார்டுகள் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். குட்வுட் கார் விழாவில் அது மேடேறியபோது கூட்டம் கூச்சல் போட்டதை வீடியோவில் பார்த்தேன். அந்த ஒரு வண்டியில்தான் அந்தப் பெயரும் அந்த உடம்பும் ஒன்றாகச் சேர்ந்தன என்று எனக்குப் பட்டது. மற்ற சிக்னெட்டுகளும் இப்போது அபூர்வம் என்பதால் நல்ல விலை போகின்றன. பாட்டியம்மா தன் வண்டியைக் கொடுக்க மாட்டாராம். "என் கராஜில் வேறு எதுவும் நுழையாது, கண்ணே" என்றார். இறங்கும்போது அவர் கதவுத் தோலைக் கைக்குட்டையால் துடைத்ததைப் பார்த்தேன். அவருக்கு அந்த வண்டிமேல் உண்மையான பிரியம். அதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

முருகேசு, அப்பா இல்லாமல் இந்த மூன்று வருஷம் நீ தனியாக இழுத்துக்கொண்டு வருவது எனக்குத் தெரியும். வட்டி, ஆள் சம்பளம், கரண்ட் பில், எல்லாம் தெரியும். சுலபமாகப் பணம் வருகிற ஒரு வழி தெரிந்தால் நீ அதைப் பார்ப்பது தப்பே இல்லை. என்னிடம் கேட்டாயே, அதுவே எனக்குப் பெரிய விஷயம். ஆனால் அப்பா கல்லைக் கொத்திய விதம், குழவி உட்காரும் கோணம், கல் சூடாகி மாவு புளிக்காமல் இருக்க அவர் வேகத்தைக் குறைத்து வைத்தது, இதில் ஒன்றாவது அந்தச் சின்ன கிரைண்டருக்குள் போகட்டும். மோட்டார் வாங்கு, டிரம் வாங்கு, பாடி வாங்கு. கல்லை மட்டுமாவது நம் பட்டறையில் கொத்து. செலவு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு அனுப்பு. என்னிடம் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, அதை வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், அவரும் சரி என்றார்.

பெயர்த்தகடு அடிக்க இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. அந்தப் பட்டறை கிரைண்டர் ஒன்றை வாங்கி, ஒரு ஸ்டிக்கரும் ஒட்டாமல் அம்மாவின் சமையலறையில் ஒரு மாதம் வை. யாருடையது, என்ன விலை என்று சொல்லாதே. தினமும் அரைக்கட்டும். மாவு எப்படிப் பொங்கியது, கல்லைத் தூக்கிக் கழுவ முட்டி வலிக்கிறதா, சத்தம் எப்படி, எல்லாம் கேள். அம்மா என்ன சொன்னாலும் மாற்றாமல் அப்படியே எனக்கு எழுதி அனுப்பு.

குழந்தைகளுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா