வந்து வந்து போன மஞ்சள் லைட்டு

போன தடவை மஞ்சள் வேக வெச்ச கதை எழுதியிருந்தேன். இந்தத் தடவை காட்டு வேலை இல்லைங்க, கார் கதை. ஆனா சுத்திச் சுத்தி கடைசியில நம்ம கடலைக்காய் மூட்டைகிட்டதான் வந்து நிக்கும்.

எங்ககிட்ட இருக்கறது 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார். மூணு சிலிண்டர். செகண்ட் ஹேண்டுல வாங்கினது. சந்தைக்கும் கல்யாணம் காதுகுத்துக்கும்னு வாங்கினது, இப்ப ரெண்டு வருசமா வேற வேலை பாக்குது. எங்க ஐயனுக்கு (அப்பாவை எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) கிட்னி வேலை செய்யறதில்லை. செவ்வாயும் வெள்ளியும் கோபிக்குக் கூட்டிட்டுப் போய் டயாலிசிஸ் பண்ணணும். தோட்டத்துல இருந்து 22 கிலோமீட்டர். காலையில ஏழு மணிக்கு அங்க இருக்கணும். பிந்திப் போனா நமக்குப் பின்னாடி இருக்கறவங்க நேரமும் தள்ளிப்போகும்.

மே மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. தோட்டத்துத் தடத்துல இருந்து வாய்க்கால் மேட்டுல ஏறி, பாலத்தைத் தாண்டித்தான் தார் ரோட்டைப் பிடிக்கணும். மேட்டுல ஃபர்ஸ்ட் கியர்ல ஏத்தறேன், வண்டி விக்கல் எடுத்த மாதிரி குலுங்குது. மூணு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யலைன்னா வண்டி மொத்தமும் ஆடும். மீட்டர்ல என்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட்டு மினுக் மினுக்னு அடிக்குது. ஐயன் டேஷ்போர்டை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தார். மேடு ஏறி ரோட்டுக்கு வந்ததும் வண்டி ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுச்சு. லைட்டும் போயிருச்சு.

அந்த லைட்டைப் பத்தி எனக்கு அப்பத் தெரியாத ஒண்ணைச் சொல்லிடறேன். அது நின்னு எரிஞ்சா, ஓட்டிட்டுப் போய் மெக்கானிக்கிட்ட காட்டலாம். விட்டு விட்டு மினுக்கினா மிஸ்ஸிங் பலமா இருக்குன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள்ள போய், அங்க இருக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல எரிஞ்சு அதைச் சூடாக்கிக் கெடுத்துரும். அதை மாத்தணும்னா ஒரு கறவை மாட்டு விலை கேப்பாங்க. அதனால மினுக்கினா ஆக்சிலரேட்டரை விட்டுட்டு, மெதுவா ஓரங்கட்டறதுதான் சரி. நான் என்ன பண்ணேன்? இன்னும் அழுத்தி மிதிச்சேன்.

டவுன்ல ஒரு மெக்கானிக்கிட்ட போனேன். அவர் பாக்கறப்ப லைட்டு இல்லை, மிஸ்ஸிங்கும் இல்லை. பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டினார், "எல்லாம் சரியாயிரும்"னு சொன்னார். நாலு நாள் சரியா ஓடுச்சு. அஞ்சாம் நாள் மறுபடி வாய்க்கால் மேட்டுல விக்கல். அடுத்த தடவை மூணு பிளக்கும் புதுசு மாத்தினார். அதுக்கப்புறமும் நாலஞ்சு நாள் சரியா ஓடி, திரும்ப வந்துச்சு. அப்புறம் ஒரு இக்னிஷன் காயில். அப்புறம் இன்ஜெக்டர் கிளீனிங். நாலு தடவையில ஆறாயிரத்துச் சொச்சம் போச்சு. ஒவ்வொரு தடவையும் சரியான மாதிரி காட்டி ஏமாத்துச்சு.

அந்த ஆத்திரத்துல ஒரு தப்பும் பண்ணினேன். பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குன்னு முடிவு பண்ணி, வழக்கமா போடற பங்க்ல வேலை பாக்கற பையன்கிட்ட நாலு பேர் முன்னாடி சத்தம் போட்டேன். அவன் "அண்ணா, எல்லாரும் இதேதான் போடறாங்க, யாரும் ஒண்ணும் சொல்லலைங்களே"ன்னு மட்டும் சொன்னான். அந்தப் பேச்சுல இருந்த நியாயம் எனக்கு அப்ப உறைக்கலை.

ஜூன் முதல் வாரம், வண்டி பாலத்துமேலயே நின்னு போச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணி, மெதுவா போய்ச் சேர இருபத்தஞ்சு நிமிசம் லேட். அன்னிக்கு ராத்திரி ஐயன் சாப்பிடறப்ப, "அடுத்த வாட்டி நான் ஆறு மணி பஸ்ஸுல போய்க்கறேன். நீ தோட்டத்தைப் பாரு"ன்னார். டயாலிசிஸ் முடிஞ்சு வர்றப்ப அவருக்குக் கால் நிக்காது, பஸ் ஸ்டாண்டுல உக்காரக்கூட இடம் கிடைக்காது. அதெல்லாம் அவருக்கும் தெரியும். என்னைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு சொல்றார். எனக்குச் சோறு இறங்கலை.

நான் பேசாம இருந்ததைப் பாத்துட்டு அவரே கேட்டார். "அது எப்பெப்ப வருது?"

"திடீர் திடீர்னு வருதுங்க ஐயா."

"திடீர்னு எதுவும் வராது. எழுதி வெச்சியா?"

எங்க ஐயன் நாப்பது வருசமா தினக்காலண்டர் தாள்ல எழுதற ஆள். மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதி, வாய்க்கால்ல தண்ணி விட்ட தேதி, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுச்சு, எல்லாம் அதுல இருக்கும். நான் எதையும் எழுதறதில்லை. அன்னிக்கு ராத்திரியே அவர் ஒரு தாளைக் கிழிச்சு, பின்பக்கம் கோடு போட்டுக் கொடுத்தார். எந்த இடம், மேடா பள்ளமா, எந்த கியர், வெயிலா மழையா, வண்டி சூடா இருந்துச்சா ஆறியிருந்துச்சா.

பத்து நாள்ல எட்டு தடவை வந்துச்சு. எழுதினதைப் பாத்தப்ப எனக்கே ஆச்சரியம். நாலு தடவை வாய்க்கால் மேடு. ரெண்டு தடவை ஸ்பீடு பிரேக்கர் தாண்டி வண்டியை இழுக்கறப்ப. ரெண்டு தடவை தோட்டத்துக் கேட்டுல இருந்து எடுக்கறப்ப. எல்லாமே ஒண்ணாம் கியர், இல்லைன்னா ரெண்டாம் கியர். தார் ரோட்டுல 60ல போறப்ப ஒரு தடவைகூட இல்லை. மழைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. நடுவுல வேற பங்க்ல டேங்க் நிறைய பெட்ரோல் போட்டும் வந்துச்சு. அப்ப பெட்ரோல் இல்லை. அந்தப் பையன் முகம் ஞாபகம் வந்துச்சு.

அந்தத் தாளை எடுத்துட்டு எங்க ஊர்லயே டிராக்டர், பைக் எல்லாம் பாக்கற தம்பிகிட்ட போனேன். அவன்கிட்ட கட்டைவிரல் சைசுல ஒரு ஸ்கேனர் இருக்கு. ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கற சாக்கெட்டுல சொருகினா போன்ல விவரம் வந்துரும். பி0302ன்னு வந்துச்சு. 03ன்னா மிஸ்ஸிங், கடைசி எண் எந்த சிலிண்டர்ங்கறது. ஆக, ரெண்டாவது சிலிண்டர். அந்தக் கோளாறு வந்த நேரத்துல வண்டி என்ன வேகம், என்ஜின் எவ்வளவு சுத்துச்சு, எவ்வளவு சூடுங்கறதையும் கம்ப்யூட்டர் ஒரு தடவை பதிஞ்சு வெச்சுக்குமாம். வேகம் 12ன்னு காட்டுச்சு. என் தாளும் அதையேதான் சொல்லுது.

கம்ப்யூட்டருக்கு மிஸ்ஸிங் எப்படித் தெரியுதுன்னு கேட்டேன். கிராங்க் சுத்தற வேகத்தை ஒரு சென்சார் பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு சிலிண்டர் எரியலைன்னா அதோட முறை வர்றப்ப சுத்து ஒரு துளி மந்தமாகும். எந்த சிலிண்டரோட முறைன்னு கணக்குப் போட்டுச் சொல்லிருமாம். "டெர்மினலைக் கழட்டினா இந்தக் கணக்கெல்லாம் அழிஞ்சிரும்ணா. திருடன் கால்தடத்தைக் கூட்டி விட்ட மாதிரி"ன்னான்.

அவன் புதுசா ஒண்ணும் வாங்கச் சொல்லலை. ரெண்டாவது சிலிண்டர் காயிலை மூணாவதுக்கும், மூணாவதை ரெண்டுக்கும் மாத்தினான். "காயில் கெட்டிருந்தா கோளாறும் கூடவே போய் 0303ன்னு வரணும். ஓட்டிட்டு வாங்க." வெள்ளிக்கிழமை மேட்டுல மறுபடி விக்கல். கோடு 0302தான். காயில் தப்பிச்சது. அடுத்து பிளக்கை ஒண்ணாவதோட மாத்தினான். அப்பவும் 0302. பிளக்கும் தப்பிச்சது. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்தணும், ரெண்டை மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாதுன்னான். உரமும் மருந்தும் ஒரே நாள்ல போட்டுட்டு எது கேட்டுச்சுன்னு முழிக்கற கதைதான்.

"மேட்டுல ஏறறப்ப, இழுக்கறப்ப மட்டும் வருது. அந்த நேரம் என்ஜின் ரப்பர் மவுண்டிங்ல கொஞ்சம் சாயும். சாயறப்ப எதையோ இழுக்குது"ன்னு சொல்லிட்டு, வண்டியை ஐடிலிங்ல விட்டு, வயர்க் கட்டை ஒரு ஒரு இடமா மெதுவா ஆட்டினான். என்ஜினுக்குப் பின்பக்கம் கை போனதும் விக்கல் வந்துச்சு. மறுபடி ஆட்டினான், மறுபடி வந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

டார்ச் அடிச்சுப் பாத்தா, ரெண்டாவது காயிலுக்குப் போற வயர்ல தோல் ஒரு விரல்கடை அளவு இல்லை. உள்ள இருந்த செம்புக் கம்பியில ரெண்டு மூணு இழைதான் மிச்சம். பல் பதிஞ்ச தடம் பளிச்னு தெரியுது. மீட்டர் வெச்சா கரண்ட் போகுதுன்னுதான் காட்டுச்சு. நின்ன இடத்துல அந்த ரெண்டு இழை தொட்டுக்கிட்டிருக்கு. என்ஜின் சாஞ்சா விட்டுப்போகும், நேரா வந்தா ஒட்டிக்கும். ஒவ்வொரு தடவையும் பிளக்கு, காயில்னு கழட்டி மாட்டறப்ப வயர் கொஞ்சம் நகர்ந்து நல்லா தொட்டிருக்கும், நாலு நாள் ஓடியிருக்கும். அதுக்குக் கொஞ்சம் கீழ, எலி கூடு கட்டப் பாத்திருக்கு. துணிக்கந்தல், காஞ்ச புல்லு, கூடவே கைப்பிடி கடலைக்காய் ஓடு.

ஓட்டைப் பாத்ததும் எனக்கு விளங்கிருச்சு. ஏப்ரல் கடைசியில கடலைக்காய் பறிச்சு, விலை ஏறட்டும்னு பதினெட்டு மூட்டையைக் கார் நிக்கற சாளைக்குள்ளதான் அடுக்கி வெச்சேன். அடுத்த வாரத்துல இருந்துதான் விக்கல்.

கடிச்ச துண்டை வெட்டி, அதே கனத்துல புது வயர் வெச்சு ஈயம் பத்த வெச்சு, மேல ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினான். கையால முறுக்கி டேப் சுத்தறது இந்த இடத்துக்கு நிக்காதாம், சூட்டுல பசை இளகி விட்டுரும். மொத்தம் 350 ரூபா. அதுவும் நான் பாக்கெட்டுல திணிச்சது.

வீட்டுக்கு வந்து ஐயன்கிட்ட சொன்னேன். எலின்னதும் சிரிச்சார். "மூட்டையை அங்க போட்டது யாரு?"ன்னு கேட்டார். பதில் சொல்லலை. சாயங்காலமே மூட்டையை எல்லாம் வீட்டுப் பின்னாடி அறைக்கு மாத்தினேன். இப்ப சாளையில தினமும் ராத்திரி பானெட்டைத் திறந்து விடறேன், எலிக்கு இருட்டும் கதகதப்பும் இருக்கக்கூடாது. கிட்டியும் ரெண்டு வெச்சிருக்கேன். மருந்து வெக்கலை, செத்த எலியை எங்க வீட்டுப் பூனை தின்னா அதுவும் போயிரும். வாரத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சு வயரைப் பாக்கறேன்.

மறுநாள் பெட்ரோல் போடப் போனப்ப அந்தப் பையன் இருந்தான். "தம்பி, தப்பு என்னோடதுதான். எலி வயரைக் கடிச்சிருக்கு"ன்னு சொன்னேன். "பரவாயில்லீங்கண்ணா, ஜீரோ பாருங்க"ன்னு சொல்லிட்டு பெட்ரோலைப் போட்டான்.

அதுக்கப்புறம் மூணு மாசமா லைட்டு வரலை. செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணிக்கு முன்னாடியே போய்ச் சேந்தர்றோம். வாய்க்கால் மேடு வந்தா ஐயன் இன்னும் ஒரு கையில டேஷ்போர்டைப் பிடிச்சுக்கறார். ஏறி முடிச்சதும் விட்டுடறார்.