அம்மாவின் காது

ரிங்லெட்டின் குளிரை அழகென்பர், அதைக் காண வருவோர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கோ அது தம்பியின் இருமலை நினைவூட்டுவது.

அவனுக்கு இரண்டு வயது. மூச்சிழுக்கும்போதெல்லாம் விலாக்களுக்கிடையே தசை குழிந்தது. அம்மா அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். தோட்டத்து டிரெசர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "படம் எடுத்தால்தான் சரியாகத் தெரியும்; கீழே கொண்டுபோங்கள்" என்றார். வளைந்து வளைந்து இறங்கும் தாப்பா சாலையில், அம்மாவின் மடியிலேயே அவன் மூச்சு அடங்கியது. யாரையும் நான் குறை கூறவில்லை. அந்தச் சிறு மார்புக்குள் நடந்தது அன்று எவருக்கும் தெரியவில்லை.

சென்ற ஆண்டு என் பேத்தி நிமோனியாவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். இவளையும் எங்கே தூக்கிச் செல்வார்களோ என்று நடுங்கினேன். இளம் மருத்துவர் ஒருவர் சிறு கருவியொன்றைக் கட்டிலருகே உருட்டி வந்தார். என் மகள் குழந்தையின் கையை விடவே இல்லை.

கருவுற்ற பெண்களின் வயிற்றைப் பார்க்கும் அதே மீயொலிக் கருவிதான். காற்று நிறைந்த நுரையீரலுக்கு இது உதவாது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். காற்று ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும் அல்லவா? அப்படித் திரும்பும் ஒலி வரையும் கோடுகளிலிருந்தே நோயை அறியலாம் என்று பிரான்சு நாட்டு மருத்துவர் டேனியல் லிக்டன்ஸ்டீன் காட்டினார். மூச்சுத் திணறலின் காரணத்தைக் கட்டிலருகிலேயே பிரித்தறியும் அவருடைய முறை 2008இல் வெளியாயிற்று.

நலமான நுரையீரலில் கிடைக்கோடுகள் அடுக்கடுக்காய்த் தெரியும். அதன் விளிம்பு மூச்சுக்கு மூச்சு வழுக்கி அசையும். நுரையீரலுக்குள் நீர் கோத்தால் வெண்கோடுகள் மேலிருந்து கீழிறங்கும். நோயால் இறுகிய பகுதி ஈரலைப் போலத் திண்மையாய்த் தோன்றும். நுரையீரலைச் சூழ்ந்த நீர் கருமையாய்த் தெரியும். குழந்தையின் மார்புச் சுவர் மெல்லியதாதலால் காட்சி இன்னும் தெளிவு. கதிர்வீச்சு இல்லை, வேண்டும்போதெல்லாம் மீண்டும் பார்க்கலாம்.

"இதோ பாருங்கள் ஐயா, வலப்பக்கம் அடியில் நீர்" என்றார் மருத்துவர். அன்று மாலையே அதை வடித்தனர். பேத்தி பிழைத்தாள்.

கருவி மட்டும் காப்பாற்றிவிடாது. நுரையீரலின் விளிம்பைத் தொடாமல் ஆழத்தில் ஒளிந்த நோய் அதற்கும் அகப்படாது. பயிலாத கண்ணுக்கு அக்கோடுகள் வெறும் கோடுகளே. உலகில் 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை நிமோனியா கொண்டுபோயிற்று. இன்று இக்கருவி கையடக்கமாகவும் கிடைக்கிறது. அதுவும், அதைப் படிக்கத் தெரிந்த கண்ணும் தோட்டம்வரை மலையேறி வர வேண்டும். மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளை மலையிறங்கியது போதும்.

அம்மா அன்று காதை வைத்துக் கேட்க முயன்றதைத்தான், இத்தனை காலத்துக்குப் பிறகு, என் பேத்தியின் கட்டிலருகே நான் கண்ணால் கண்டேன்.