பேரு டெல்லி, ஊரு ஆற்காடு, காசு புதுச்சேரி!

காரைக்கால்னதும் உங்களுக்கு ஞாபகம் வர்றது எது? மாங்கனித் திருவிழா, என்.ஐ.டி. கேம்பஸ்... கடைசி பெஞ்ச்சிலிருந்து யாரோ 'அங்கே சீப்பா கிடைக்குமே' என்று குரல் விடுவதும் கேட்கிறது. சரி, அவரும் வரட்டும். இதுவும் காசு சமாச்சாரம்தான்.

பாரதியார் வீதியில் அம்மையார் கோயிலைப் பார்த்துவிட்டு, அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வாங்க. இந்த வாசலுக்காகத்தான் புதுச்சேரி கவர்னர் துய்மா, தஞ்சை மன்னர் சாகுஜியிடம் ஊரையே விலை பேசினார். முதலில் பேசியது 40,000 சக்கரம், கொடுத்தது 50,000. சக்கரம் என்பது அப்போதைய தஞ்சைப் பணம். ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த நாள் 1739 பிப்ரவரி 14. (அட, அதே தேதிதாங்க!)

அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1736-ல், துய்மா இன்னொரு காரியத்தை முடித்திருந்தார். ஆற்காடு நவாப் தோஸ்த் அலியிடம் வெள்ளி ரூபாய் அடிக்க அனுமதி. கப்பலில் வெள்ளி வந்தால் மட்டும் போதுமா? இங்கே துணி வாங்க, இந்த ஊர்ச் சந்தையில் செல்லும் காசு வேண்டுமே!

அந்த ரூபாயைக் கையில் வாங்கிப் பார்த்தால் குழம்பிப் போவீங்க. அடித்தது புதுச்சேரியில். பெயர் டெல்லி பாதுஷா முகம்மது ஷாவுடையது. ஊர், ஆற்காடு. எழுத்து, பாரசீகம். பிரெஞ்சு ராஜா லூயி? ஆளையே காணோம். அடையாளத்துக்கு ஒரு குட்டிப் பிறை, அவ்வளவுதான். பாரசீகப் பேரரசுக்குக் கீழே இருந்த லிசியாவின் குறுநில மன்னர்கள்கூட, சுமார் 2400 வருஷம் முன்பு, தங்கள் பெயரிலேயே வெள்ளிக் காசு அடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தக் கௌரவமெல்லாம் வேண்டாம், காசு செல்லணும்.

இனிதான் கூத்து. காரைக்கால் கைமாறிய அடுத்த மாதமே நிஜமான பாரசீக ராஜா நாதிர் ஷா டெல்லிக்குள் புகுந்தார். தன் பெயரில் காசும் அடிக்க வைத்தார். மே மாதம் மயிலாசனத்தைத் தூக்கிக்கொண்டு, கிரீடத்தை மட்டும் முகம்மது ஷாவிடம் திருப்பிக் கொடுத்துக் கிளம்பினார். சொந்த சிம்மாசனத்தையே பறிகொடுத்த அந்த பாதுஷாவின் பெயர், புதுச்சேரி ரூபாயில் ஜம்மென்று தொடர்ந்தது.

ஆங்கிலேயர் இன்னும் ஒரு படி மேலே. 1759-ல் கொலையான ஆலம்கீர் பெயரில் 1800-க்குப் பிறகும் சென்னையில் ஆற்காடு ரூபாய் அடித்தார்கள்.

தாத்தா வீட்டுப் பரணில் பாரசீக எழுத்தோடு வெள்ளி ரூபாய் கிடைத்தால், அவசரப்பட்டு உருக்கிடாதீங்க. பிறை இருந்தால் புதுச்சேரி, தாமரை இருந்தால் சென்னை.