ஐந்து பருப்பும் ஓர் அடுப்பும்

அஜ்மீர் என்றதும் அன்பர்கள் பலருக்குக் காஜா சாகிபின் தர்காவும், மலைக்கு அப்பால் உள்ள புஷ்கரத் தீர்த்தமும் நினைவுக்கு வரும். ரயில்வேயைச் சேர்ந்தவர்களாயின், முற்றிலும் இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் நீராவி எஞ்சின் 1895ஆம் ஆண்டில் இவ்வூர்ப் பணிமனையிலிருந்து வெளிவந்ததைப் பெருமையுடன் சொல்வார்கள். எப்-734 என்னும் அந்த எஞ்சினை இன்றும் புது தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் காணலாம். இவற்றைப் பற்றி அறிந்தோர் எழுதுவார்கள். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட குமாஸ்தாவாகிய நான் எழுதப் புகுவது ஒரு பருப்பைப் பற்றி.

விருத்தாசலத்திற்கு அருகே ஒரு சிற்றூர் எங்களுடையது. உத்தியோகம் கிடைத்த ஊர் அஜ்மீர். மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு, இரண்டு இரவுகள் ரயிலில் கழித்து வந்திறங்கினேன். முதல் ஞாயிறன்று ஆனா சாகர் ஏரிக்குப் போனோம். 12ஆம் நூற்றாண்டில் சௌகான் மன்னர் அர்ணோராஜர் வெட்டுவித்த ஏரி அது. கரையில் ஷாஜகான் 1637இல் எழுப்பிய சலவைக்கல் மண்டபங்கள் வெண்மையாக நிற்கின்றன. என் இல்லாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “நம் வீராணத்தில் பாதியாவது இருக்குமாங்க?” என்றாள். அவள் மனம் எங்கே இருக்கிறது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அதன்பின் ஈராண்டுகள் நாங்கள் இவ்வூரில் வாழ்ந்தோம் என்று சொல்வதற்கில்லை, தங்கியிருந்தோம். ஊர் மாற்றம் கேட்கும் விண்ணப்பம் எழுதி முடித்து என் பையிலேயே இருந்தது. சொந்த விருப்பத்தின் பேரில் வேறு ரயில்வேக்குப் போகிறவன் பணி மூப்பை இழந்து வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். அந்த ஒரு தயக்கத்தால் அதைக் கொடாமலிருந்தேன். அலுவலகத்தில் எங்கள் தலைமைக் குமாஸ்தாவை யாவரும் ‘படே பாபு’ என்று அழைப்பர். மும்முறை அவர் எங்களை விருந்துக்கு அழைத்தார். முதன்முறை குழந்தைக்குச் சளி என்றேன். மறுமுறை ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்றேன். மூன்றாம் முறை என்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. மூன்றும் பொய்.

நான்காம் முறை அவர் என்னைக் கேட்கவில்லை. ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் காலை ஏழு மணிக்குக் குடும்பத்தோடு எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். “இன்று கோட், புறப்படுங்கள்” என்றார். மழைக்காலத்தில் நண்பர்கள் ஊருக்கு வெளியே சென்று, கூடிச் சமைத்து, கூடி உண்பதை ராஜஸ்தானத்தில் ‘கோட்’ என்பார்கள். அச்சொல்லைக் கேட்டதும், அவையைக் குறிக்கும் ‘கோட்டி’ என்னும் நம் பழந்தமிழ்ச் சொல் என் நினைவுக்கு வந்தது.

அஜ்மீருக்கும் புஷ்கரத்திற்கும் இடையே நாக் பஹாட் என்னும் மலை குறுக்கிட்டு நிற்கிறது. கோடையில் எலும்பு போல் வெளிறிக் கிடக்கும் அரவல்லிக் குன்றுகள், நான்கு மழை பெய்ததும் நம்ப முடியாத பசுமை கொள்கின்றன. அம்மலையடிவாரத்தில் ஒரு கிணற்றடி வேப்பமரத்தின் கீழ் நான்கு குடும்பங்கள், பன்னிருவர் கூடினோம். அன்றைய சமையல் ‘தால்-பாட்டி’ என்று நான் சொன்னதும் என் மகள் கலங்கிப்போய், “அப்பா, பாட்டியையா தின்பார்கள்?” என்று கேட்டாள். அவள் கேட்டதை நான் இந்தியில் சொல்லவே, அங்கிருந்தோர் சிரித்த சிரிப்பு மலையில் எதிரொலித்தது.

பாட்டி என்பது கோதுமை உருண்டை. கொரகொரப்பாக அரைத்த கோதுமை மாவு 2 கிலோ, நெய் 400 கிராம், உப்பு, சிறிது ஓமம். இவற்றை ஆண்களே கெட்டியாகப் பிசைந்து 36 உருண்டைகள் பிடித்தார்கள், ஆளுக்கு மூன்று. வறட்டிகளை அடுக்கித் தீ மூட்டி, புகை அடங்கிக் கனலாகும் வரை காத்திருந்து, அதன்மேல் உருண்டைகளை வைத்துப் புரட்டினார்கள். பிறகு சுடுசாம்பலால் மூடிவிட்டார்கள். தண்ணீரும் விறகும் அருமையான வறண்ட நாட்டில் பிறந்த உணவு இது. பாத்திரம்கூட வேண்டுவதில்லை.

பக்கத்து அடுப்பில் பருப்பு ஏறியது. துவரை, கடலை, பாசி, உளுந்து ஆகிய நான்கு பருப்புகளோடு, அம்மண்ணில் மிகுதியாய் விளையும் நரிப்பயறும் சேர்ந்து ஐந்து. வகைக்கு 200 கிராம். ‘பஞ்சமேல் தால்’ என்பது இதன் பெயர். மஞ்சள் தூளிட்டு அது கொதித்துக்கொண்டிருந்தது. பெண்கள் தாளிதத்திற்கு ஆயத்தமானார்கள். அதுவரை மரத்தடியில் ஒதுங்கி அமர்ந்திருந்த என் இல்லாள் எழுந்து சென்றாள். கரண்டியில் ஒரு கடலைப் பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். “அபீ கச்சா ஹை” என்றாள். இன்னும் வேகவில்லை என்பது பொருள். ஈராண்டுகளில் பிறர் முன்னிலையில் அவள் பேசிய முதல் இந்தி வாக்கியம் அது!

படே பாபுவின் மனைவியார் தாமும் ஒரு பருப்பை நசுக்கிப் பார்த்தார். “பாபி சொல்வதுதான் சரி” என்று கூறிக் கரண்டியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். பின்னர் நெய்யில் சீரகம், பெருங்காயம், கிராம்பு, மிளகாய், இஞ்சி, பூண்டு, தக்காளி என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச்சொல்ல இவள் தாளித்தாள்.

சாம்பலிலிருந்து எடுத்த உருண்டைகள் மேலே வெடித்துச் சிவந்திருந்தன. துணியால் தூசி தட்டி, கையால் அழுத்திப் பிளந்து, நெய்யில் முக்கி, தைத்த புரச இலைகளில் இட்டார்கள். அதைப் பிட்டுக் கொதிக்கும் பருப்பில் தோய்த்து உண்ணவேண்டும். மேலோடு மொறுமொறுப்பு, உள்ளே மென்மை, எங்கும் கனலின் மணம். மிஞ்சிய பாட்டிகளைப் பொடித்து, நெய்யும் வெல்லமும் கூட்டிச் ‘சூர்மா’ என்னும் இனிப்பாக்கினார்கள்.

கணக்கெழுதும் கை சும்மா இராதன்றோ? பருப்பு வகைகளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. ஒரு கிலோவைப் பன்னிருவர் பங்கிட்டால், ஆளுக்குச் சுமார் 18 கிராம் பருப்பிலிருந்தே கிடைக்கிறது. கோதுமையில் குறைந்துள்ள லைசினைப் பருப்பும், பருப்பில் குறைந்துள்ள மெத்தியோனைனைக் கோதுமையும் ஈடு செய்கின்றன. ஒன்றன் குறையை மற்றொன்று தீர்ப்பதால்தான் இவ்விரண்டும் ஓரிலையில் இருக்கின்றன போலும். வறட்டிக்கு வழியில்லாத அடுக்குமாடியில் வாழும் அன்பர்கள் ஓவனில் 200 டிகிரி வெப்பத்தில் அரை மணி முதல் முக்கால் மணி வரை வைத்துப் பாட்டியைச் செய்துகொள்ளலாம். ஆனால் இருவருக்கென்று செய்யாதீர்கள். பத்துப் பேருக்கேனும் செய்யுங்கள்.

அன்று வீடு திரும்பியபின் அந்த விண்ணப்பத்தை நான் கிழித்தெறிந்துவிட்டேன் என்று எழுதினால் கதை நன்றாயிருக்கும். ஆனால் அது உண்மையன்று. என் தாயார் ஊரில் தனியே இருக்கிறார். என்றேனும் ஒருநாள் அதைக் கொடுக்கத்தான் வேண்டும். பையிலிருந்து பெட்டிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. வந்து இது ஏழாம் ஆண்டு. சென்ற தைப் பொங்கலுக்கு ஊர் சென்றபோது, என் இல்லாள் தாயாருக்கு இந்த ஐம்பருப்பைச் செய்து படைத்தாள். தாயார் ருசித்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் நன்றாயிருக்கிறதம்மா, புளி போட மட்டும் மறந்துவிட்டாய்” என்றார். “எங்கள் ஊரில் இதற்குப் புளி போடமாட்டோம் அத்தை” என்றாள் இவள். எங்கள் ஊர் என்று அவள் சொன்னது அஜ்மீரை.

அயலூரில் வாழும் நம்மில் பலர், உத்தியோக ஊரை ஒரு காத்திருப்போர் அறையாகவே எண்ணிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். வண்டி வருகிறபோது வரட்டும். அதுவரை, அழைத்த வீட்டுக்கு மும்முறை பொய் சொல்லாமல், முதல் முறையே புறப்பட்டுப் போவோமாக.