தேரும் கண்ணும்

நம்பிக்கையைப் படம் பிடிக்க இயலுமா? தேர் அசைவதைப் பிடிக்கலாம். வடம் இழுப்போர் தோளில் வழியும் வியர்வையைப் பிடிக்கலாம். அவர்தம் நெஞ்சினுள் நிகழ்வதை எக்கருவி காட்டும்? லூயி மால் என்னும் பிரெஞ்சு இயக்குநரின் ஆவணப்படத்தைத் தம்போயில் என் இல்லத்தில் அமர்ந்து கண்ட இரவு முதல் இவ்வினா என்னை விட்டபாடில்லை.

மால் 1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒளிப்பதிவாளர் ஒருவரையும் ஒலிப்பதிவாளர் ஒருவரையும் மட்டும் துணைக்கொண்டு இந்தியாவில் சில திங்கள் சுற்றினார். அங்ஙனம் எடுத்த காட்சிகள் 1969இல் ஏழு பகுதிகளாக உருப்பெற்றன. முதற்பகுதிக்கு அவர் இட்ட பெயர் 'இயலாத ஒளிப்படக் கருவி' என்னும் பொருளுடையது. இரண்டாம் பகுதி சென்னையைப் பற்றியது. மயிலைக் கபாலீசுவரர் திருக்கோயில் தேரோட்டம் அதில் நெடுநேரம் இடம்பெறுகின்றது. மக்கள் வெள்ளம், பருத்த வடம், அசைந்தசைந்து வரும் தேர். விளங்காததை விளங்கவில்லை என்றே கூறும் அடக்கம் அவரது உரையில் தொடர் நெடுகிலும் உண்டு.

ஆயினும் இப்படம் பிரிட்டனில் பி.பி.சி.யில் ஒளிபரப்பானபோது, நாட்டின் வறுமையையே பெரிதுபடுத்திற்று என்று சினந்த இந்திய அரசு, 1970இல் அந்நிறுவனத்தின் தில்லி அலுவலகத்தை மூடச் செய்தது. பிறர் பார்வை நம்மைச் சுடுவது இயல்பே.

இதனோடு ஒப்பிடத்தக்க படம் ஒன்று உண்டு. ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக், உருசிய மக்களின் பக்தியையும் நாட்டார் நம்பிக்கையையும் 1993இல் கவிதைபோல் படமாக்கினார். ஏரிக்குள் மூழ்கியதாகக் கூறப்படும் கித்தேழ் நகரைக் காணவேண்டி, உறைந்த பனிப்பரப்பில் முகம் பதித்துச் சிலர் ஊர்ந்து செல்வர். உள்ளத்தை உருக்கும் காட்சி. ஆனால் அவர்கள் யாத்திரிகர் அல்லர். கூலி கொடுத்து அழைத்துவந்த குடிகாரர் என்று ஹெர்சாக்கே பின்னர் கூறினார். ஆழ்ந்த உண்மையைக் காட்டப் புனைவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்புகிறவனுக்கென்று ஒரு வாய் இருக்கிறது. அவனுக்காக நாம் பேசத் தொடங்கும்போது முதலில் அடைபடுவது அந்த வாய்தான்.

இதனைக் கூற எனக்கு என்ன தகுதி? நானும் ஒரு வாயை அடைத்தவன்.

ஆசிரியர் பயிற்சி முடித்த புதிதில் ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றினேன். 'என் தந்தை' என்னும் தலைப்பில் மாணவி ஒருத்தி கட்டுரை எழுதியிருந்தாள். விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் தந்தை, நிரையின் ஓரத்து முனீஸ்வரருக்குச் சூடம் ஏற்றிச் சுருட்டு ஒன்றும் வைத்துவிட்டே கத்தியைத் தொடுவார் என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் 'மூடநம்பிக்கை. மாற்றி எழுதுக' என்று குறித்தேன். மறுநாள் அவள் புதிய கட்டுரையைத் தந்தாள். அது பசுவின் பயன்களைப் பற்றியது.

பாம்பும் இருளும் நிறைந்த அக்காட்டில் அத்தந்தைக்குத் துணையாக நின்றவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அச்சத்தை வென்று உழைத்த ஒரு மனிதரை அறிந்திருப்பேன்.

நம்பிக்கைகள் யாவும் நன்றென்பது என் கருத்தன்று. தம்போயிலேயே பெர்மாய் மனநல மருத்துவமனை இருக்க, நோயுற்றவரைப் பேய் பிடித்தவரென்று அடித்துத் துன்புறுத்துவதைக் கண்டிக்காதவன் ஆசிரியன் அல்லன். துன்பம் தருவதை விலக்குவோம். ஆனால் துணை தருவதையும் அதனோடு சேர்த்து வாரி எறிவது அறிவாகாது. இரண்டையும் பிரித்தறிவதற்கு முதலில் கேட்கும் செவி வேண்டும். மாலின் படம் எனக்குக் கற்பித்தது இதுவே.

அத்தோட்டம் இன்று இல்லை, வீடுகள் எழுந்துவிட்டன. அந்த மாணவி எங்கிருக்கிறாளோ அறியேன். அக்கட்டுரை மீண்டும் என் மேசைக்கு வருமாயின், எழுத்துப்பிழைகளை மட்டுமே திருத்துவேன்.